பெட்டி யார் திண்ணையில் இருக்கிறது? தொலைவழிக் கல்வியின் சாதி வரலாறு

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் பூட்டப்பட்டன. அடுத்த சில வாரங்களிலேயே ஜூம், கூகுள் மீட், கூகுள் கிளாஸ்ரூம், வாட்ஸ்அப் குழு என்ற பெயர்களெல்லாம் நம் வீட்டுப் பேச்சுக்குள் வந்துவிட்டன. இனி யாரும் எங்கிருந்தும் படிக்கலாம், எங்கிருந்தும் வேலை பார்க்கலாம், தூரம் என்பதே இல்லை என்று நமக்குச் சொல்லப்பட்டது. பிறகு பள்ளிகள் திறந்தன. அந்தக் கருவிகள் மட்டும் போகவில்லை. இன்று கல்லூரி உள்மதிப்பீடு, போட்டித் தேர்வுப் பயிற்சி, வேலைக்கான நேர்முகம், நம் அமைப்புகளின் கூட்டங்கள் என எல்லாமே ஓரளவாவது திரை வழியாகத்தான் நடக்கின்றன.

இந்தக் கருவிகளின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது கலிபோர்னியாவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. எந்த ஆண்டு யார் எதைக் கண்டுபிடித்தார் என்பதோடு கதை சரி. அந்தக் கருவி ஒரு கிராமத்துக்கு வந்தபோது எந்தத் தெருவில் வைக்கப்பட்டது, சாவி யாரிடம் இருந்தது, யார் எட்டி நின்று பார்த்தார்கள் என்பதெல்லாம் அந்த வரலாற்றில் கிடையாது. அதை நாம்தான் எழுத வேண்டும். தூரத்தைப் பற்றி இந்த நாட்டில் நம்மைவிட அதிகம் தெரிந்தவர்கள் இல்லை.

வகுப்பறைக்குள்ளேயே தொலைவில்

தொலைவில் இருந்து படிப்பது நமக்குப் பெருந்தொற்று கொடுத்த அனுபவம் அல்ல. சத்தாராவில் சிறுவன் பீமராவ் பள்ளிக்குப் போனபோது ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு போனார். மற்ற பிள்ளைகளிடமிருந்து விலகி, அந்தச் சாக்கில்தான் அவர் உட்கார வேண்டும். பள்ளியைக் கூட்டுகிற ஆள் அதைத் தொட மாட்டார் என்பதால் மாலையில் சாக்கையும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. பின்னர் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தங்கள் சோற்றுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்துப் பிள்ளைகள் ஓடிப்போய் அவற்றை எடுத்தார்கள்.

அதற்கும் முன்னால், 1856 ஜூனில், தார்வாடு அரசுப் பள்ளியில் சேர ஒரு மகர் சிறுவன் விண்ணப்பித்தான். இடம் மறுக்கப்பட்டது. விவகாரம் பம்பாய் அரசு வரை போனது. ஒரே ஒரு பையனுக்காக மற்ற பிள்ளைகள் எல்லாம் வெளியேறும் நிலையை உண்டாக்க முடியாது என்பதுதான் அரசின் நிலையாக இருந்தது. பள்ளிக்கூடம் அதே ஊரில்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிறுவனுக்கு அது எட்டாத தொலைவு.

இதை ஏன் முதலில் சொல்கிறோம்? தொழில்நுட்பம் பேசுகிறவர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கிறார்கள். சென்னையில் இருக்கும் ஆசிரியரும் கொல்லிமலையில் இருக்கும் மாணவரும் ஒரே திரையில் தெரிந்துவிட்டால் தூரம் ஒழிந்தது என்று நினைக்கிறார்கள். நமக்கு விதிக்கப்பட்ட தூரம் சில அடிகள்தான். கடைசி பெஞ்ச், தனிக் குவளை, ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு ரோடு. அந்தச் சில அடிகளைக் கடக்க எந்தச் செயற்கைக்கோளும் போதாது. ஒவ்வொரு புதுக் கருவியையும் இந்த அளவுகோலால்தான் நாம் அளக்க வேண்டும்.

தபாலில் போன வகுப்பறை

அதே நேரம், அறைக்குள் விடாதபோது அறைக்கு வெளியே ஒரு வகுப்பறையைக் கட்டியவர்களும் நம் முன்னோர்கள்தான். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். விலை பெயரிலேயே இருந்தது. கோலார் தங்கவயல், ஹூப்ளி, ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று தமிழ் உழைப்பாளிகள் சிதறிப்போன இடங்களிலெல்லாம் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் இருந்தன. அவற்றை ஒன்றாகக் கட்டிய கயிறு அந்த இதழ்தான். சுரங்கத் தொழிலாளி ஒருவர் ராயப்பேட்டைக்கு வராமலேயே பண்டிதரிடம் பாடம் கேட்க முடிந்தது. பண்டிதர் 1914இல் மறைந்த பிறகும் அந்தக் கயிறு அறுந்துவிடவில்லை. பின்னாளில் ‘தமிழன்’ இதழ் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. கிளை தலைமையகமாக மாறிய கதை அது.

அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, காசு கொடுத்தும்கூட அதன் விளம்பரத்தைப் போட திலகரின் ‘கேசரி’ மறுத்தது. அன்றைய ஊடக மேடை யாருடையது என்பதற்கு அது ஒரு சாட்சி. மேடை நம்முடையதாக இல்லாதபோது நமக்கென்று ஒரு மேடை வேண்டும் என்ற பாடம் அங்கேயே இருக்கிறது.

1936இல் நடந்தது இன்னும் முக்கியம். லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. அவர் உரையை முன்கூட்டியே எழுதினார். வரைவைப் பார்த்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். பம்பாய்க்கும் லாகூருக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. அவர் எதையும் விட்டுக்கொடுக்க மறுத்தார். கூட்டமே நடக்கவில்லை. அம்பேத்கர் அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். முன்பக்கத்தில் அந்தக் கடிதங்களையும் சேர்த்தே வெளியிட்டார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’. தமிழில் பெரியாரின் ‘குடி அரசு’ அதைக் கொண்டுவந்தது. ஒரு வரைவு, அதன் ஓரத்தில் வந்த ஆட்சேபணை, மறுப்பு, கடைசிப் பதிப்பு என்று இன்று கூகுள் டாக்ஸில் நடப்பது எல்லாம் அதில் இருக்கிறது. மேடை மூடப்பட்டது, ஆவணம் பயணப்பட்டது. யார் எதை வெட்டச் சொன்னார் என்ற பதிவும் அதனுடனேயே பயணப்பட்டது.

ஒரே ஆவணம், இரண்டு ஊர்

இப்போது கலிபோர்னியாவுக்குப் போகலாம். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒரு செயல்முறை விளக்கம் காட்டினார். அவர் மேடையில். அவருடைய குழு சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில். இரு இடத்தில் இருந்தவர்களும் ஒரே திரையில் ஒரே ஆவணத்தைத் திருத்தினார்கள். திரையின் ஒரு மூலையில் சக ஊழியரின் முகம் தெரிந்தது, குரல் கேட்டது. கையில் மவுஸ். இன்றைய காணொளிக் கூட்டத்தின் விதை அத்தனையும் அந்த மேடையில் இருந்தது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்பு, 1973 வாக்கில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் எழுதி உரையாடும் இடமாகவும் ஆகிவிட்டது. 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 1973இல் ஜாக் நில்ஸ், அலுவலகத்துக்குப் பயணிக்காமலே தொலைத்தொடர்பு வழியாக வேலை செய்யும் முறைக்கு ஒரு பெயரே வைத்தார். நெரிசலும் பெட்ரோல் செலவும்தான் அவரை யோசிக்க வைத்தன.

இவர்களுடைய அறிவை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கருவிகள் அனைத்தும் ஒரு குறிப்பிட்ட மனிதரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவருக்குத் தனி அறை உண்டு, தனி மேஜை உண்டு, நிற்காத மின்சாரம் உண்டு, கருவி அவருக்கு மட்டுமே சொந்தம். ஒரு போனை ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் வீடு அந்தக் கணக்கில் இல்லை.

விதிவிலக்கும் உண்டு. இன்று நம் கல்லூரிகளில் பலவும் பயன்படுத்தும் மூடுல் மென்பொருளை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பள்ளி இல்லாத குடியிருப்பில் வளர்ந்தவர். சிறுவயதில் வானொலி வழியாகத்தான் படித்தார். 2002இல் வெளிவந்த மூடுலை யாரும் இலவசமாக எடுத்து, தங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். தொலைவை அனுபவித்தவர் செய்த கருவிக்கும் தொலைவைக் கற்பனை செய்தவர்கள் செய்த கருவிக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

2,400 கிராமங்கள், 2,400 பெட்டிகள்

இந்தியாவில் திரைவழிக் கல்வியின் முதல் பெரும் சோதனை 1975 ஆகஸ்ட் 1இல் தொடங்கியது. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடனாக வாங்கி, ஓராண்டு காலம் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ நிகழ்ச்சிகளை அனுப்பியது. ஆந்திரா, பீகார், கர்நாடகா, மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், உடல்நலம், குடும்பக் கட்டுப்பாடு. ‘சைட்’ என்று அழைக்கப்பட்ட இந்தச் சோதனையை உலகமே வியந்து பார்த்தது.

பெட்டிகள் பள்ளிக்கூடம், பஞ்சாயத்துக் கட்டடம் போன்ற பொது இடங்களில் வைக்கப்பட்டன. இங்கேதான் நம் கேள்வி வருகிறது. இந்தியக் கிராமத்தில் பொது இடம் யாருக்குப் பொது? பஞ்சாயத்துக் கட்டடம் ஊரில் இருக்கும், சேரியில் இருக்காது. கதவைத் திறந்து பெட்டியைப் போடுகிறவர் யாராக இருப்பார் என்று கிராமத்தில் வாழ்ந்த எவரும் சொல்லிவிடலாம். செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி அலையை அனுப்பியது. கடைசி 200 அடியைச் சாதி பார்த்துக்கொண்டது.

அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் இன்னொரு முயற்சி செய்தது. பீஜ் என்ற ஊரில் ஒரு சிறிய ஒளிபரப்பி. அதைச் சுற்றியிருந்த சில நூறு கிராமங்களுக்கு, அந்தக் கிராமத்து மக்களே பேசி நடித்த நிகழ்ச்சிகள். தீண்டாமை, குறைந்தபட்சக் கூலி, நில உரிமை எல்லாம் அதில் பேசப்பட்டன. 1984இல் கிராமப்புறத் தகவல்தொடர்புக்கான யுனெஸ்கோ விருது இதற்குக் கிடைத்தது. பின்னர் அது மூடப்பட்டது. தேசம் முழுவதற்கும் டெல்லியிலிருந்து ஒரே நிகழ்ச்சி என்ற பாதையை தூர்தர்ஷன் எடுத்துக்கொண்டது. சிறிய கருவி, அருகிலிருந்து பேசும் குரல், உள்ளூர்ப் பிரச்சினை என்ற அந்த வழி வெற்றி கண்ட பிறகும் கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டின் பங்களிப்பு வேறு விதமானது. 2006இல் தி.மு.க. அரசு வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது படித்தவர்கள் கேலி செய்தார்கள். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு மேல்நிலை மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தந்தபோதும் அதே கேலி. நாம் அந்தக் கேலியில் சேர முடியாது. ஓட்டுக்காகவே கொடுத்திருக்கட்டும். பெட்டி ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்திலிருந்து காலனி வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். யார் திண்ணையிலும் நின்று எட்டிப் பார்க்கத் தேவையில்லாத நிலை ஒரு சிறிய விடுதலை. மடிக்கணினியோ பல குடும்பங்களில் முதன்முதலாக நுழைந்த கணினி.

2020: கணக்கு வெளியே வந்தது

பெருந்தொற்று வந்தபோது நாட்டின் கையிருப்பு என்ன? 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றுப்படி, கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்திடம்தான் கணினி இருந்தது. இணைய வசதி 14.9 சதவீதத்திடம். நகரத்தில் அவை 23.4, 42. இந்த எண்கள் அரசிடம் இருந்தன. தெரிந்தேதான் ஆன்லைன் வகுப்பு என்ற முடிவு எடுக்கப்பட்டது.

2021 ஆகஸ்டில் ஜீன் டிரீஸ், ரீத்திகா கேரா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் எளிய குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கிராமங்களில் ஒழுங்காக ஆன்லைனில் படித்த பிள்ளைகள் 8 சதவீதம். சாதிவாரியாகப் பிரித்தபோது, கிராமப்புற தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் 4 சதவீதம், மற்றவர்களில் 15 சதவீதம். ஏழைகளுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தாலும் அது வேலைக்குப் போகிறவர் கையோடு போய்விடும், பிள்ளை கையில் தங்காது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

கேரளம் 2020 ஜூன் 1இல் தொலைக்காட்சி, இணையம் வழியாக வகுப்புகளைத் தொடங்கியது. அப்போது சுமார் 2.6 லட்சம் மாணவர்களிடம் டி.வி.யோ இணையமோ இல்லை. அதே நாளில் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் மாணவி உயிரிழந்தார். வீட்டு டி.வி. பழுதாகியிருந்தது, ஸ்மார்ட்போன் இல்லை, வகுப்பில் கலந்துகொள்ள முடியாத வேதனையில் இருந்தார் என்று குடும்பத்தார் சொன்னார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. அந்த மரணத்துக்குப் பிறகுதான் ஊர் ஊராக டி.வி.களும் கற்றல் மையங்களும் வேகமாக வந்தன. ஒரு உயிர் போன பிறகு கிடைப்பதற்குப் பெயர் உரிமை அல்ல.

தமிழ்நாட்டில் 2019இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. அன்று கேலி செய்யப்பட்ட இலவச டி.வி. பல வீடுகளில் வகுப்பறை ஆனது. ஆனால் டி.வி. ஒருவழிப் பாதை. கேள்வி கேட்க முடியாது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று மாநில அரசு அறிவித்தது. கடைசியில் 2021 அக்டோபர் 27இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து மாலையில் பாடம் சொன்னார்கள். திரை விட்ட பள்ளத்தை மனிதர்கள்தான் மூட வேண்டியிருந்தது. அங்கேயும் நம் பழைய கேள்வி தொடர்கிறது: மையம் எந்தத் தெருவில் நடக்கிறது? எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கே வருகிறார்களா?

நீதிமன்றங்களும் பேசின. விடுதியில் மொபைல் பயன்படுத்தத் தடை விதித்ததை எதிர்த்து ஒரு மாணவி தொடர்ந்த வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. பொருளாதாரத்தில் நலிந்த மாணவர்களுக்குக் கருவியும் இணையமும் பள்ளிகள் தர வேண்டும் என்று 2020 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. கதவு பாதி திறந்த நிலையில் நிற்கிறது. தள்ள வேண்டியது நம் வேலை.

திரைக்குள் சாதி

கருவி கிடைத்தால் மட்டும் போதுமா? 2021 ஏப்ரலில் ஐ.ஐ.டி. கரக்பூரில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்தப் படிப்பின் ஆன்லைன் வகுப்பில், ஒரு பேராசிரியர் மாணவர்களை மிகக் கேவலமாகத் திட்டினார். எங்கே வேண்டுமானாலும் புகார் செய்யுங்கள் என்று சவாலும் விட்டார். அந்தக் காணொளி நாடு முழுவதும் பரவியது. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, வீட்டிலிருந்து படித்தாலும் சாதி கூடவே வருகிறது. இரண்டு, செங்கல் வகுப்பறையில் அந்த வார்த்தைகள் காற்றோடு போயிருக்கும். யார் நம்பியிருப்பார்கள்? திரை அதைப் பதிவு செய்தது. நம்மை அவமானப்படுத்திய அதே கருவி சாட்சியாகவும் நின்றது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம்’ என்கிறது. நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது அதில் வராது என்று 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படியானால் இணையம்? பாதிக்கப்பட்டவர் நேரில் இல்லாவிட்டாலும் இணையத்தில் ஏற்றப்பட்ட சாதிய வசை பொதுப் பார்வையில் நடந்ததே என்று 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு யூட்யூபர் வழக்கில் சொன்னது. எழுபது பேர் இருக்கும் ஒரு காணொளி வகுப்பு எதில் சேரும்? சட்டம் படிக்கும் தோழர்கள் இந்த வாதத்தை இப்போதே தயார் செய்ய வேண்டும். 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவின்படி, இந்தச் சட்டத்தின் கீழான நீதிமன்ற நடவடிக்கைகள் அனைத்தும் காணொளியில் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

இன்னொரு விஷயம் சிறியதாகத் தெரியும், ஆனால் வலிக்கும். ‘கேமராவைப் போடுங்கள்’ என்ற கட்டளை. பின்னால் தெரிவது ஆஸ்பெஸ்டாஸ் கூரையா, புத்தக அலமாரியா என்பதைத் திரை எல்லோருக்கும் காட்டிவிடுகிறது. பள்ளிச் சீருடை மறைத்துக் காத்ததை அந்தச் சின்னச் சதுரம் வெளிச்சம் போட்டுவிடுகிறது.

ஒருவருக்கு மடிக்கணினி, ஒருவருக்குக் கைக்கடிகாரம்

‘வீட்டிலிருந்து வேலை’ என்பதும் எல்லோருக்கும் வரவில்லை. சாக்கடையை வீட்டிலிருந்து சுத்தம் செய்ய முடியாது. பெருந்தொற்றில் நகரம் முழுவதும் உள்ளே இருந்தபோது தூய்மைப் பணியாளர்கள் தெருவில் இருந்தார்கள். அவர்களுக்கும் டிஜிட்டல் கருவி வந்தது, வேறு உருவத்தில். சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் அவர்கள் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டப்பட்டது. எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் தினம் இருமுறை புகைப்படம் எடுத்து செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. சிக்னல் கிடைக்காவிட்டால் செய்த வேலைக்கே கூலி கேள்விக்குறி. பொறியாளருக்குக் கூட்டு வேலைக்கான கருவி, பணியாளருக்குக் கண்காணிப்புக் கருவி. தொழில்நுட்பம் ஒன்றுதான், யார் யாரைப் பார்க்கிறார் என்பது வேறு.

கருவிகளைச் செய்கிற இடத்திலும் சாதி இருக்கிறது. வெபெக்ஸ் என்ற காணொளிக் கூட்டக் கருவி சிஸ்கோ நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாக 2020 ஜூன் 30இல் கலிபோர்னிய அரசுத் துறையே வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. தீர்ப்பு எப்படிப் போனாலும், அமெரிக்க வேலையிடத்தில் சாதி என்ற சொல்லை உரக்கச் சொல்ல வைத்தது அந்த வழக்கு. 2023 பிப்ரவரி 21இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாக சியாட்டில் ஆனது.

நம் கையில் கருவி

2010களின் தொடக்கத்தில் ஐதராபாத்தில் ஆய்வு மாணவராக இருந்த ரவிச்சந்திரன் பத்ரன் ஒரு கேமராவோடு ‘தலித் கேமரா’வைத் தொடங்கினார். பெரிய சேனல்கள் போகாத இடத்துக்கு அது போனது. 2015 ஏப்ரலில் தலித் பெண்கள் முன்னெடுத்து ‘தலித் வரலாற்று மாதம்’ தொடங்கினார்கள். வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டே சேர்ந்து எழுதினார்கள். விக்கிப்பீடியாவில் விடுபட்டுப்போன நம் ஆளுமைகளின் பக்கங்களை எழுதும் அமர்வுகளை நடத்தினார்கள். ராயப்பேட்டையையும் தங்கவயலையும் ரங்கூனையும் ஒரு பைசா இதழ் இணைத்ததன் தொடர்ச்சிதான் இது.

நம் படிப்பு வட்டங்களுக்கும் மாணவர் அமைப்புகளுக்கும் இந்த வரலாறு சில வேலைகளைத் தருகிறது.

எந்த ஆன்லைன் கூட்டத்தையும் திட்டமிடும்போது, டேட்டா மிகக் குறைவாக உள்ள தோழரை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். குரல் மட்டும் போதும் என்றால் காணொளி வேண்டாம். கூட்டம் முடிந்ததும் சிறிய ஒலிக்கோப்பாக அனுப்புங்கள். கேமரா போடுவது அவரவர் விருப்பம்.

மைக்கை அணைக்கும் பொத்தானும் அட்மின் அதிகாரமும் எப்போதும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. பெண் தோழர்களிடம், முதல் தலைமுறை மாணவர்களிடம் அது சுழன்று வர வேண்டும். அதுதான் இன்றைய பஞ்சாயத்துக் கட்டடத்தின் சாவி.

ஜிட்சி, பிக்புளூபட்டன், ஈத்தர்பேட், மூடுல் போன்ற கட்டற்ற மென்பொருள்களைப் பழகுங்கள். ஒரு நிறுவனம் ஒரே நாளில் நம் கணக்கை முடக்கிவிட்டால் நம் ஆவணங்கள் என்னாகும் என்று யோசியுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருங்கள்.

அவமதிப்பு நடந்தால் பதிவை அழிக்காதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள். மூலக் கோப்பு, தேதி, இருந்தவர்கள் பெயர்கள் மூன்றும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தேவை. வழக்கறிஞரை அன்றே கூப்பிடுங்கள்.

கடைசியாக, உங்கள் ஊரில் ஒரு கணக்கெடுங்கள். ஊரிலும் காலனியிலும் எத்தனை வீட்டில் கணினி, எத்தனை வீட்டில் பிள்ளைக்கென்று போன், சிக்னல் எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது, இலவச வைஃபை எந்தக் கட்டடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு வாரத்தில் முடிகிற வேலை. அதைக் கிராமசபையில் படியுங்கள், தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை பள்ளி மூடப்படும்போது, எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாதபடி அந்தக் காகிதம் இருக்கட்டும்.

ஜெய் பீம்.